எடுக்கிற போன்

போனை மாற்றச் சொல்லி என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. நான் வேலை செய்யும் கடையின் முதலாளியம்மா சொன்னார். என் மனைவி சொன்னாள். சிங்கப்பூரில், ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தினமும் உட்கார்ந்திருக்கும் ஒரு சீனப் பெரியவர், பெயர்கூடத் தெரியாது, ஒருநாள் தன் புதுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சேஞ்ச் லா, சேஞ்ச்" என்றார்.

போனும் தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டும். பையில் போட்டு எடுத்தால் அணைந்து கிடக்கும். வயரைச் செருகி, ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் எதையாவது முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். யாராவது அந்தப் பக்கம் பலமாக நடந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஆனாலும் நான் மாற்றவில்லை. கஞ்சன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நான் விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. காரணம் இதுதான்: அந்தப் போனுக்கு ஓர் அழைப்பு வரவேண்டியிருந்தது.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஈசூனிலேயே ஒரு நிலையத்துக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். காலையில் போனால் மதியத்துக்கு மேல் துவண்டுபோய் வருவாள். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. இறந்துபோன யாராவது ஒருவருடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தினால் வைப்பார்கள். அதற்காகக் காத்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி. மருத்துவமனையில் எங்களை உட்காரவைத்து விவரம் சொன்ன டாக்டர் முடிக்கும்போது, "எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. போன் வரும். எடுக்கணும், உடனே வரணும். எடுக்கலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம். வேற வழி இல்லை" என்றார்.

என் மனைவியிடமும் ஒரு போன் இருக்கிறது. ஆனால் தெரியாத எண் என்றால் அவள் தொடவே மாட்டாள். ஏமாற்றுக்காரர்கள் அத்தனை பேர் கூப்பிடுகிற காலம். சுத்திகரிப்பு நாளில் அதை ஒலி இல்லாமல் செய்து பைக்குள் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். அன்று மருத்துவமனையில் எண் கேட்டபோது என் எண்ணை முதலில் எழுதச் சொன்னாள். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் என்னால திடுக்குனு எந்திரிக்க முடியாதுங்க. நான் மெஷினோட இருக்கேன். போனோட நீங்க இருங்க."

அன்று முதல் நான் போனோடு இருந்தேன்.

நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். ஆங்கிலத்தில் சில சொற்களை அவற்றின் உருவத்தை வைத்து அடையாளம் காண்பேன், அவ்வளவுதான். போனையும் அப்படித்தான் பழகியிருந்தேன். பச்சைப் படம் கீழே ஓரத்தில். அதைத் தட்டினால் பேசலாம். மணி அடித்தால் வலப்பக்கம் இழுத்தால் எடுக்கலாம். இது என் விரலுக்குத் தெரியும், எனக்கே தெரியவேண்டியதில்லை. ஒரு தீபாவளிக்கு மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய புதுப் போன் அடித்தது. "மச்சான், அதை எடுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார். என் பழக்கத்தில் வலப்பக்கம் இழுத்தேன். அது கட் ஆகிவிட்டது. அதில் மேல் பக்கம் இழுக்கவேண்டுமாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அது அந்த அழைப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போடுகிற அந்தக் கொஞ்ச நேரம் என் எண்ணுக்கு உயிர் இருக்காது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தால்? இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவேன். அடுத்த வாரம் வந்தால் அதே கேள்வி மறுபடியும் வந்து நிற்கும்.

நான் வேலை செய்வது தேக்காவில், ஆட்டுக்கால் சூப் விற்கும் ஒரு சிறிய கடையில். பின்னால் நின்று வெட்டுவது, கழுவுவது, கொதிக்கவைப்பது என் வேலை. முன்னால் நின்று பேசுவது முதலாளியம்மாவின் வேலை. எனக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. என் போன் முன்பக்கத்தில் அவருடைய பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கேதான் வயரைச் செருக பிளக் இருக்கிறது. மருத்துவமனை விவரம் அவருக்குத் தெரியும். "அடிச்சா நான் கத்துறேன், நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லியிருந்தார்.

ஒரு சமயம் சில நாட்களாகக் கால் வரத்து இல்லை. கப்பல் தாமதம் என்றார்கள். கால் இல்லாமல் கால் சூப் கடை நடத்துவது எப்படி? எலும்பைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆடு நொண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அக்கா தினமும் மீனும் இறைச்சியும் விற்கும் ஈரச்சந்தைப் பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று காலை நான் குனிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அண்ணே! கால் வந்திருக்கு! ஓடி வாங்க, சீக்கிரம்!"

அவருக்குக் கால் என்றால் ஆட்டுக்கால். இறைச்சிக் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வழியை மறித்து நின்றிருக்கிறார். இறக்கிவைக்க ஆள் வேண்டும், அதனால்தான் அவசரம். எனக்கோ அந்த நாட்களில் கால் என்றால் ஒன்றே ஒன்றுதான், போன் கால். சவுக்கார நுரைக் கையோடு ஓடினேன். வழியில் இருந்த வாளி உருண்டது. தள்ளுவண்டியை நான் பார்க்கவே இல்லை. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் பாய்ந்து போனை எடுத்தேன்.

அது அணைந்து கிடந்தது. வயர் செருகியபடியே இருந்தது. ஆனால் திரை கறுப்பு.

"கட் ஆயிடுச்சா? யார் பேசினாங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது.

அக்கா விழித்தார். "யார் என்ன பேசினாங்க?"

"கால் வந்திருக்குன்னீங்களே!"

"ஆமா, வந்திருக்கு. இதோ." தள்ளுவண்டியைக் காட்டினார். மயிர் பொசுக்கிய ஆட்டுக்கால்கள் ஒரு கூடை நிறைய, எல்லாம் மேல்நோக்கி நின்றன.

இறைச்சிக்காரர் முதலில் சிரித்துவிட்டார். "என்னண்ணே, இதைக் காதுல வெச்சுப் பேசப் போறீங்களா?" என்றார். பக்கத்துக் கடையிலும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "இது எப்பலேர்ந்து இப்படிக் கிடக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதுதான் கேள்வி. எப்போதிலிருந்து? எனக்குத் தெரியவில்லை. காலையில் கடை திறந்தபோது செருகியது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டிருந்தாலும் அடித்திருக்காது. கூப்பிட்டார்கள் என்ற அடையாளமும் இருக்காது. ஆட்டுக்கால் வந்திராவிட்டால், அது அணைந்து கிடப்பதே எனக்கு மாலைவரை தெரிந்திருக்காது.

"மருத்துவமனைக்குப் போட்டுக் கேளுங்க" என்றார் அக்கா.

நானாக ஒரு இடத்துக்குப் போன் போட்டு, ஆங்கிலத்தில், முன்பின் தெரியாதவரிடம் பேசியது அதுவரை கிடையாது. அக்கா தன் போனை என் கையில் திணித்தார். என் பணப்பையில் மடித்துவைத்திருந்த அட்டையைப் பார்த்து எண்ணை அவரே அழுத்தினார். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினார். காத்திருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் தாதி அவர்.

"சிஸ்டர், மை வைஃப்... யூ கால்... ஆர் நாட் கால்?" என்றேன்.

அவர் ஏதோ கேட்டார். புரியவில்லை. "மை போன் டை. மார்னிங் டை. யூ கால்?" என்றேன். அவர் மறுபடி வேறுவிதமாகக் கேட்டார். அதுவும் புரியவில்லை. "ஐயோ, எப்படிச் சொல்றது" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து, "அங்கிள், தமிழா நீங்க? தமிழ்லயே பேசுங்க அங்கிள், எதுக்கு நம்ம ரெண்டு பேரும் இந்தக் கஷ்டப்படுறோம்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுதத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுக்கால் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு கணினியில் பார்த்துவிட்டு, "யாரும் கூப்பிடலை அங்கிள். பயப்படாதீங்க. ஆனா அந்தப் போனை மட்டும் நம்பாதீங்க. இன்னொரு நம்பர் குடுங்க" என்றார்.

"என் நம்பரைக் குடுங்க" என்று அக்கா, கேட்பதற்கு முன்பே, பக்கத்திலிருந்து சொன்னார்.

சிம் மாற்றும்போது அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியையும் அன்றே கேட்டேன். "அதுக்கென்ன, மாத்தப் போறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த நேரத்துல உங்க முதலாளி நம்பருக்குப் போடுறோம்" என்றார். அவ்வளவுதான் பதில். கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும்.

மறுநாள் மதியக் கூட்டம் குறைந்ததும் அக்கா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னோடு கிளம்பினார். நான் அழைக்கவில்லை. லிட்டில் இந்தியாவின் உள்தெருவில் இருக்கும் ஒரு போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நல்ல பேச்சு. பளபளப்பாக ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணே, இது இப்ப வந்தது. நிலாவையே போட்டோ எடுக்கலாம்."

"மணி சத்தமா அடிக்குமா?" என்று கேட்டேன்.

"அடிக்கும்ணே. இன்னும் பாருங்க, தண்ணியில விழுந்தாலும்..."

"எடுக்கிறதுக்கு எந்தப் பக்கம் இழுக்கணும்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "அவருக்கு நிலா வேணாம்யா. அடிக்கிற போன், எடுக்கிற போன், அணையாத போன். அதைக் காட்டு" என்றார்.

அவர் அந்தப் பளபளப்பை மனசில்லாமல் உள்ளே வைத்துவிட்டு, விலை குறைவான, கொஞ்சம் தடிமனான ஒன்றை எடுத்தார். இரண்டு நாள் சார்ஜ் நிற்கும் என்றார். கடைக்குள்ளேயே அடித்துக் காட்டச் சொன்னேன். எதிர்க் கடையில் பூ வாங்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். சரி, இதுவே போதும் என்றேன்.

நான் தாதிக்குப் போன் செய்து, இப்போது மாற்றப்போகிறேன் என்றேன். "சரி அங்கிள், மாத்துங்க" என்றார். கடைக்காரர் ஊசியால் குத்தி என் சிம்மை வெளியே எடுத்தார். நகத்தளவு இருந்தது. இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்தது இதைத்தான் என்று அப்போதுதான் பார்த்தேன். கடைக்குள் சிக்னல் குறைவு என்று அக்கா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். வெயில் நேரம். போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் நின்றார். தெரிந்தவர் யாரோ வந்து, "என்னக்கா, கடையை விட்டுட்டு இங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். "இப்ப பேசாதே, அப்புறம் வா" என்று அவரை அனுப்பிவிட்டார். யாரையும் அப்படிப் பேசாமல் அனுப்புகிறவர் அல்ல அவர்.

நான் நன்றி என்று ஒரு வார்த்தை அன்று சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுப் போனிலும் மேல் பக்கம்தான் இழுக்கவேண்டியிருந்தது. மறுவாரம் முழுவதும் கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் அக்கா முன்னாலிருந்து எனக்குப் போன் செய்வார். நான் பின்னாலிருந்து எடுப்பேன். முதலில் சில தடவை வலப்பக்கம் இழுத்தேன். "அண்ணே, கிட்னி போச்சு!" என்று கத்துவார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். கடைசியில் விரல் கற்றுக்கொண்டது. கை ஈரமாக இருந்தால் திரை கேட்காது என்பதையும் அந்தப் பயிற்சியில்தான் கண்டுபிடித்தோம். அதன் பிறகு இடுப்பில் எப்போதும் ஒரு காய்ந்த துண்டு.

அழைப்பு வந்தது மழைக்காலத்தில், ஒரு காலை நேரம். ஈசூனிலிருந்து ரயிலில் வந்து, லிட்டில் இந்தியாவுக்குப் போக டோபி காட் நிலையத்தில் வண்டி மாறவேண்டும். மின்படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், அவ்வளவு சத்தம். மேல் பக்கம் இழுத்தேன். அந்தத் தாதியின் குரல்.

"அங்கிள், நான்தான். ஆன்ட்டி ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"தெரியலை. இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா."

"சாப்பிட வேணாம், தண்ணியும் வேணாம். கவனமாக் கேளுங்க அங்கிள். ஒரு கிட்னி வந்திருக்கு. முதல்ல வேற ஒருத்தர் இருக்காங்க, ஆன்ட்டி ரெண்டாவது. அவங்களுக்குப் பொருந்தலைன்னா ஆன்ட்டிக்கு. ரெடியா இருக்கணும். உடனே வாங்க."

மனைவிக்குப் போட்டேன். என் எண் என்பதால் எடுத்தாள். தேநீர் குடிக்கப் போகிறேன் என்றாள். "கீழே வை" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கோப்பையை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் வீட்டிலிருந்து டாக்சியில் வந்தாள், நான் அங்கிருந்து போனேன். மருத்துவமனை வாசலில் சேர்ந்துகொண்டோம். ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். உடை மாற்றி ஒரு கட்டிலில் உட்காரவைத்தார்கள். பிறகு காத்திருந்தோம். அந்தத் தாதியை அன்றுதான் நேரில் பார்த்தேன். சின்ன உருவம், வேகமான நடை. அவ்வப்போது எட்டிப்பார்த்து, "இன்னும் தெரியலை ஆன்ட்டி" என்பார். அக்கா போன் செய்துகொண்டே இருந்தார். பின்னாலும் முன்னாலும் ஓடி, தான் ஒருத்தியாகவே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பேசும்போதே தெரிந்தது.

மாலையில் தாதி வந்தார். இந்தத் தடவை எட்டிப்பார்க்கவில்லை, உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல இருந்தவங்களுக்கே பொருந்திடுச்சு ஆன்ட்டி."

என் மனைவி தலையாட்டினாள். "சரிம்மா. அவங்களுக்கு நல்லபடியா ஆகட்டும்" என்றாள். பிறகு, "நீயும் காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டே, போய்ச் சாப்பிடு" என்றாள். அந்தப் பெண் எழுந்து போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கீழே உள்ள உணவுக்கடையில் தோசை வாங்கினோம். நாள் முழுவதும் காய்ந்த வயிறு. ஆனாலும் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க வீட்டுலயும் யாரோ ஒருத்தர் காலையில போனை எடுத்திருப்பாங்க இல்ல?" என்றாள் திடீரென்று.

"எடுத்திருப்பாங்க."

"எடுக்காம விட்டிருந்தா நமக்கு வந்திருக்கும்."

அதையேதான் நானும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள். "நல்ல வேளை, எடுத்தாங்க" என்றாள்.

அவள் அதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் நெஞ்சில் இருந்த கனம் எங்கோ நகர்ந்தது. எங்களைப் போலவே எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் போனோடு இருந்திருக்கிறார். குளிக்கும்போது கதவுக்கு வெளியே வைத்திருப்பார். சார்ஜ் நிற்காத பழசா, நிலாவைப் படம் எடுக்கிற புதுசா, தெரியாது. எதுவானாலும் இன்று காலை அது அடித்தது, அவர் எடுத்தார். அவருக்காக நான் மனதுக்குள் கைகூப்பினேன். சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுப் போன, இனி யாருடைய போனையும் எடுக்க முடியாத அந்த இன்னொருவருக்காகவும்.

"சாப்பிடுங்க" என்றாள். "நாளைக்கு எனக்கு மெஷின் இருக்கு. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

நான் சாப்பிட ஆரம்பித்தேன்.